வீட்டுத் தோட்டத்துப் புதிய மீன்குளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டின் பின்புறத்தில் சிறு குளம் அமைத்து மீன் வளர்க்கத் தொடங்குபவர்கள் முதல் சில மாதங்களில் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகள் மீனைப் பற்றியவையாக இருந்தாலும் விடை பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கிறது. ஆகவே தண்ணீருக்குள் நடப்பதைச் சற்று விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

குளத்தில் தண்ணீர் நிரப்பியாகிவிட்டது. மீன்களை எப்போது விடலாம்?

நிரப்பிய அன்றே விடக்கூடாது. புதுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மீனின் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதில் இன்னும் குடியேறியிருக்காது. மீன் தன் செவுள்களின் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனியும் உதிர்ந்த இலைகளும் அழுகும்போதும் அதே அம்மோனியா உண்டாகிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மோனியா, நைட்ரைட் ஆகிய இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டின் தீங்கு அவற்றைவிட மிகக் குறைவு. அது செடிகளுக்கு உரமாகவும் ஆகிறது.

இந்தப் பாக்டீரியாக்கள் குளத்தின் சுவர்களிலும், கற்களிலும், எல்லாவற்றுக்கும் மேலாக வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பெருகுகின்றன. மிதமான வெப்பத்தில் இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்; தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் நீளும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மீன் எதுவும் இல்லாமல் அம்மோனியம் குளோரைடைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் வைத்திருப்பது. அந்த அளவு ஒரே நாளில் முற்றிலும் மறைந்து, நைட்ரைட்டும் சுழியமாக இருக்கும் நாளில் குளம் தயாராகிவிட்டது என்று கொள்ளலாம். மற்றொன்று, இரண்டு மூன்று சிறிய மீன்களை மட்டும் விட்டு, மிகக் குறைவாகத் தீனி போட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரைச் சோதித்துக்கொண்டே வருவது. முதல் வழியையே நான் பரிந்துரைப்பேன். அதில் எந்த உயிரும் துன்பப்படுவதில்லை. நோயற்ற பழைய குளமொன்றின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால், ஈரம் காயுமுன் உங்கள் வடிகட்டிக்குள் வைத்துவிடுங்கள். காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும்.

குழாய்த் தண்ணீரை நேரடியாக நிரப்பலாமா? ஆழ்துளைக் கிணற்று நீர் பரவாயில்லையா?

குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கப்படும் குளோரின் மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். நீங்கள் வளர்க்க முயலும் பாக்டீரியாக்களையும் அழிக்கும். திறந்த தொட்டியில் ஓரிரு நாட்கள் வைத்திருந்தால் குளோரின் ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் சில இடங்களில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் சேர்க்கிறார்கள். அது அவ்வாறு எளிதில் வெளியேறுவதில்லை. அங்கே சோடியம் தயோசல்பேட் அடங்கிய நீர் பதப்படுத்தியைப் பயன்படுத்த வேண்டும். குளோரமைன் உடையும்போது அம்மோனியாவும் வெளிப்படும் என்பதால் அதற்கடுத்த ஓரிரு நாட்கள் தண்ணீரைச் சோதிப்பது அவசியம்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இராது. ஆனால் பூமிக்கடியிலிருந்து வருவதால் அதில் கரைந்த ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கக்கூடும். சில இடங்களில் இரும்பும் கலந்திருக்கும். உயரத்திலிருந்து தெளித்து விழச் செய்து, ஒரு நாள் காற்றோட்டம் கொடுத்தபின் குளத்தில் சேர்ப்பது நல்லது.

சிமெண்ட் பூசிய குளத்துக்குத் தனிக் கவனம் வேண்டுமா?

வேண்டும். புதிய சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் பி.எச். அளவை (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்ணை) மீன் தாங்க முடியாத அளவுக்கு, 10-க்கும் மேலாகக்கூட, உயர்த்திவிடும். நிரப்பி, சில நாட்கள் ஊறவிட்டு, முழுவதும் வெளியேற்றி, மறுபடி நிரப்புங்கள். இவ்வாறு பலமுறை செய்தபின் ஒரு வாரம் தேங்கிய தண்ணீரிலும் பி.எச். 8.5-ஐத் தாண்டாமல் நின்றால் மட்டுமே அடுத்த வேலையைத் தொடங்கலாம். குளத்துக்கென விற்கப்படும் பூச்சினால் சுவரை மூடிவிட்டால் இந்தக் காத்திருப்பு பெருமளவு குறையும்.

எத்தனை மீன்கள் விடலாம்?

முதலில் குளத்தின் கொள்ளளவைத் தெரிந்துகொள்ளுங்கள். நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை மீட்டரில் அளந்து பெருக்கி, 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 0.8 மீட்டர் ஆழமும் உடைய செவ்வகக் குளத்தில் 4800 லிட்டர் நிற்கும். அதே அளவுகளில் நீள்வட்டமாக இருந்தால் 0.785-ஆல் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 3770 லிட்டர் வரும். பக்கங்கள் சரிவாக இருந்தால் இன்னும் குறையும். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து, உப்பு, பம்பு என எதை முடிவு செய்யவும் இதுவே அடிப்படை.

நான் கடைப்பிடிக்கும் கணக்கு இது: தங்கமீன் ஒன்றுக்குக் குறைந்தது 100 லிட்டர், கோய் கெண்டை ஒன்றுக்குக் குறைந்தது 1000 லிட்டர். விரல் நீளக் கோய் குஞ்சைப் பார்ப்பவருக்கு இது மிகையாகத் தோன்றும். ஆனால் அது நன்கு வளர்ந்தால் 60 சென்டிமீட்டரைத் தொடும். மீனின் நீளம் இரு மடங்கானால் அதன் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும், தீனியும் கழிவும் அதற்கேற்பப் பெருகும். கோய் வளர்க்க விரும்பினால் குளம் ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழம் கொண்டிருக்க வேண்டும். சிறிய குளத்தில் ஐந்து தங்கமீன்கள் நலமாக நீந்துவதைக் காண்பதே, பத்துக் கோய்கள் மூச்சுத் திணறுவதைக் காண்பதைவிட மேலானது.

சோதனையில் அம்மோனியா தெரிகிறது. எவ்வளவு இருந்தால் ஆபத்து?

சோதனைப் பெட்டி காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் ஒரு பகுதி அயனியாக இருக்கிறது. அதனால் தீங்கு குறைவு. அயனியாகாத மீதிப் பகுதியே கொடிய நஞ்சு. இவ்விரண்டின் விகிதத்தை பி.எச். அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 ஆக இருக்கும்போது நச்சுப் பகுதி நூற்றில் ஒன்றுக்கும் குறைவு; பி.எச். 8-இல் ஏறத்தாழ 5 விழுக்காடு, பி.எச். 9-இல் ஏறத்தாழ 36 விழுக்காடு. ஆகவே ஒரு குளத்தில் மீன்கள் பொறுத்துக்கொள்ளும் அதே அளவு வேறொரு குளத்தில் அவற்றைக் கொன்றுவிடக்கூடும். அம்மோனியாவைச் சோதிக்கும்போதெல்லாம் பி.எச்.-ஐயும் சேர்த்துச் சோதியுங்கள் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

நிலைபெற்ற குளத்தில் அம்மோனியா சுழியமாகவே இருக்க வேண்டும். லிட்டருக்கு அரை மில்லிகிராமைத் தாண்டினால் உடனே தீனியை நிறுத்துங்கள். குளோரின் நீக்கிய, ஏறக்குறைய அதே வெப்பநிலையிலுள்ள தண்ணீரைக் கொண்டு கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை மாற்றுங்கள். பாதித் தண்ணீரை மாற்றினால் நஞ்சும் பாதியாகும். ஜியோலைட் கற்கள் அம்மோனியாவை உறிஞ்சும் என்றாலும், அவை கிடக்கும் குளத்தில் உப்பைச் சேர்த்தால் உறிஞ்சியதைத் திரும்ப வெளிவிடும். இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தக் கூடாது.

அம்மோனியா குறைந்துவிட்டது, இப்போது நைட்ரைட் ஏறுகிறது. இது எதனால்?

குளம் சரியான பாதையில் செல்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். முதல் வகைப் பாக்டீரியா பெருகிவிட்டது, இரண்டாம் வகை இன்னும் ஈடுகொடுக்கவில்லை. ஆனால் இந்த இடைக்காலம் மீனுக்குக் கடினமானது. நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் செயலிழக்கச் செய்கிறது. இரத்தம் பழுப்பு நிறமாகிறது. தண்ணீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே மீன் மூச்சுத் திணறும்.

உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. லிட்டருக்கு 1 கிராம், அதாவது 1000 லிட்டருக்கு 1 கிலோ என்ற அளவில் உப்பை வாளியில் கரைத்து, ஒரு நாளுக்குள் இரண்டு மூன்று தவணைகளாகச் சேர்த்தால் போதும். உப்பு ஆவியாகாது, ஆகவே அடுத்தமுறை தண்ணீர் மாற்றும்போது வெளியேறிய பங்குக்கு மட்டுமே ஈடுசெய்ய வேண்டும்.

காலையில் ஒரு பி.எச்., மாலையில் வேறொரு பி.எச். சோதனைப் பெட்டி பழுதா?

பெட்டி சரியாகவே காட்டுகிறது. பகலில் பாசியும் செடிகளும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் பி.எச். உயர்ந்து பிற்பகலில் உச்சத்தைத் தொடுகிறது. இரவில் எல்லா உயிர்களும் அவ்வாயுவை வெளிவிடுவதால் விடியலுக்குச் சற்று முன் மிகக் குறைகிறது. இந்த ஏற்றத்தாழ்வு 0.5-க்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் ஊசலாடினால் தண்ணீரில் காரத்தாங்கும் திறன், அதாவது பி.எச். ஊசலாடாமல் தடுக்கும் கார்பனேட் கடினத்தன்மை, குறைவாக உள்ளது என்று பொருள்.

இந்தத் திறனைப் புதியவர்கள் பெரும்பாலும் சோதிப்பதே இல்லை. என் கருத்தில் பி.எச்.-ஐவிட முக்கியமானது இதுதான். பாக்டீரியாக்கள் 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனைச் செரிக்க ஏறத்தாழ 7 கிராம் காரத்தைச் செலவழிக்கின்றன. மழை அதை மேலும் நீர்த்துப்போகச் செய்கிறது. அது முற்றிலும் தீர்ந்துவிட்டால், பல மாதங்களாக நலமாக இருந்த குளத்தில்கூட ஒரே இரவில் பி.எச். சரிந்து மீன்கள் மடியலாம். இந்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவில் வைத்திருப்பது பாதுகாப்பானது. குறைந்தால் 1000 லிட்டருக்கு 50 கிராம் சமையல் சோடாவைக் கரைத்துச் சேர்க்கலாம். இது ஏறத்தாழ 30 மில்லிகிராம் உயர்த்தும். ஒரு நாளைக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். அம்மோனியா இருக்கும் குளத்தில் பி.எச்.-ஐ உயர்த்துவது, மேலே சொன்ன காரணத்தால், நஞ்சைக் கூர்மையாக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

தண்ணீர் பச்சை நிறமாகிவிட்டது. முழுவதும் வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்பலாமா?

கூடாது. புதிய குளத்தில் ஏறக்குறைய எல்லோரும் செய்யத் துடிக்கும் தவறு இது. பச்சை நிறத்துக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் பாசி. அதற்குத் தேவையானவை வெயிலும், மீனின் கழிவிலிருந்து வரும் உரமும். தண்ணீரை மாற்றினால் பாக்டீரியாவின் வளர்ச்சி பின்தங்கும். புதுத் தண்ணீரோடு வரும் தாதுக்களை உண்டு பாசி சில நாட்களிலேயே மறுபடி பெருகும். பச்சைத் தண்ணீர் மீனுக்கு நேரடித் தீங்கு செய்வதில்லை. கவனிக்க வேண்டியது இரவில் அது ஆக்சிஜனை உறிஞ்சுவதை மட்டுமே. ஆகவே இரவு முழுவதும் காற்றுப் பம்பை ஓடவிடுங்கள்.

நிலையான தீர்வு மூன்று செயல்கள் சேர்ந்தது: தீனியைக் குறைப்பது, நீர்ப்பரப்பில் பாதியையாவது செடிகளின் நிழலில் வைப்பது, பொறுத்திருப்பது. செடிகள் வேரூன்றி உரத்தை எடுத்துக்கொள்ளத் தொடங்கியதும் பாசி தானாகவே பட்டினியில் மெலிந்துவிடும். அவசரமெனில் வடிகட்டியுடன் புறஊதா விளக்கை இணைக்கலாம். அதன் ஒளி பட்ட பாசி திரண்டு பஞ்சில் சிக்கும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் புறஊதாக் கதிர்கள் ஓராண்டில் வலுவிழப்பதால், குழலை ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். பாசிக்கொல்லி மருந்தை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. பாசி முழுவதும் ஒரே நேரத்தில் இறந்து அழுகினால் குளத்தின் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். தாமிரம் கலந்த மருந்துகள் மென்னீரில் (கடினத்தன்மை குறைந்த நீரில்) மீனையே கொல்லும்.

சுவரில் பச்சைப் படலமும், நீளமான இழைப்பாசியும் படர்கின்றனவே?

சுவரில் வழுவழுப்பாகப் படியும் படலம் நல்லது, தேய்த்து நீக்காதீர்கள். இழைப்பாசியை ஒரு குச்சியில் சுற்றி இழுத்து அகற்றுங்கள். அகற்றப்பட்ட ஒவ்வொரு பிடி பாசியோடும் குளத்திலிருந்த உரமும் வெளியேறுகிறது.

எந்தச் செடிகளை வைக்க வேண்டும்?

அல்லி போல இலைகளை நீர்ப்பரப்பில் விரிப்பவை நிழலுக்கு. நீருக்குள் மூழ்கி வளர்பவை உரத்தை உறிஞ்சுவதற்கு. கரையோரம் வேரை மட்டும் நனைத்து நிற்பவை பூச்சிகளுக்கும் தவளைகளுக்கும் புகலிடமாக. மூன்றும் கலந்திருந்தால் குளம் விரைவில் நிதானப்படும். தொட்டியிலிருக்கும் செடிக்கு வளமான தோட்ட மண்ணோ தொழுவுரமோ இட வேண்டாம். களிமண் கலந்த சாதாரண மண்ணை நிரப்பி, மேலே கூழாங்கற்களைப் பரப்பினால் மீன்கள் கிளறாது. கோய்கள் இளஞ்செடிகளைப் பிடுங்கித் தின்றுவிடும் என்பதால் அவற்றுக்குத் தடுப்பு வலை வேண்டும். வெங்காயத்தாமரை தண்ணீரைச் சுத்திகரிப்பதில் சிறந்தது, ஆனால் மிக வேகமாகப் பரவும்; பல நாடுகளில் அதை வளர்ப்பதே தடைசெய்யப்பட்டுள்ளது.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. பசியா?

உணவு கேட்கும் மீன் உங்களைக் கண்டதும் வரும். ஆக்சிஜன் போதாத மீன் நீங்கள் வருமுன்பே மேற்பரப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். இரவு முழுவதும் செடிகளும் பாசியும் பாக்டீரியாவும் மீனும் ஆக்சிஜனைச் செலவழித்திருப்பதால் விடியலுக்கு முன்பே அது மிகக் குறைகிறது. வெப்பம் கூடக் கூடத் தண்ணீர் தாங்கும் ஆக்சிஜனும் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5 மட்டுமே. மீன்களுக்குக் குறைந்தது 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். புழுக்கமான இரவுகளும், பல நாட்கள் தொடரும் மேகமூட்டமும் இதனால்தான் ஆபத்தானவை.

உடனடியாகக் குழாய் நீரை அருவிபோல மேற்பரப்பில் விழச் செய்யுங்கள், குளோரின் நீக்கியைச் சேர்த்துக்கொண்டு; காற்றுப் பம்பை இயக்குங்கள்; அன்று தீனி வேண்டாம். பம்பின் ஓசைக்காகவோ மின்செலவுக்காகவோ இரவில் அதை நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. மீனுக்கு அது மிகவும் தேவைப்படும் நேரமே இரவுதான். பகலெல்லாம் இதே நிலை நீடித்தால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். செவுள் புண்ணாகியிருந்தாலும் மீன் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

வடிகட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கழுவுவது?

குளத்தின் முழுத் தண்ணீரும் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டி வழியாகச் சென்று திரும்ப வேண்டும். தண்ணீரை உயரத்துக்கு ஏற்றும்போது பம்பின் வேகம் குறைவதால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாமல் சற்றுக் கூடுதல் திறனுள்ளதை வாங்குங்கள்.

கழுவும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். தொடக்கத்தில் நானும் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினேன். ஒரே வாரத்தில் அம்மோனியா ஏறி இரண்டு மீன்களை இழந்தேன். அந்தப் பழுப்புக் கசடில்தான் பாக்டீரியா வாழ்கிறது. குளத்து நீரையே வாளியில் எடுத்து, அதில் பஞ்சை லேசாகப் பிழிந்து, நீரோட்டத்தைத் தடுக்கும் கசடை மட்டும் நீக்குங்கள். எல்லாப் பஞ்சுகளையும் ஒரே நாளில் கழுவ வேண்டாம். பம்பு பல மணி நேரம் நின்றுவிட்டால் வடிகட்டிக்குள் தேங்கிய நீர் கெட்டிருக்கும். அதை வெளியே கொட்டிவிட்டுப் பிறகு இயக்குங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு தீனி?

ஐந்து நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவு. தங்கமீனுக்கும் கோய் கெண்டைக்கும் இரைப்பை கிடையாது. ஒரே வேளையில் நிறையப் போடுவதைவிட, சிறிது சிறிதாக இரண்டு மூன்று வேளைகளில் போடுவதே அவற்றின் உடலுக்கு ஏற்றது. மிதந்து மிஞ்சியதை வலையால் எடுத்துவிடுங்கள். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அவற்றின் செரிமானமும், வடிகட்டியின் பாக்டீரியாவும் ஏறக்குறைய உறங்கிவிடும். அப்போது தீனியை முற்றிலும் நிறுத்த வேண்டும்.

ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்பிக்கொண்டே இருக்கிறேன். தனியாகத் தண்ணீர் மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டும். ஆவியாவது வெறும் தண்ணீர். உப்புகளும் நைட்ரேட்டும் குளத்திலேயே தங்கிச் செறிவடைகின்றன. வாரத்துக்கு ஒருமுறை நூற்றில் பத்துப் பங்கை அடியிலிருந்து, கசடோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். அந்த நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சலாம், செடிகளுக்கு அது நல்ல உரம். உப்புச் சேர்த்திருந்தால் மட்டும் அதைத் தோட்டத்துக்கு விட வேண்டாம்.

புதிய மீனை வாங்கி வந்ததும் செய்ய வேண்டியது என்ன?

நேராகக் குளத்தில் விடாமல் தனித் தொட்டியில் மூன்று நான்கு வாரங்கள் வைத்திருங்கள். பையை மூடியபடியே 20 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகும். நெடுந்தூரம் பயணித்த பையைத் திறந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்துகொண்டிருக்க வேண்டாம். பையில் கழிவு அம்மோனியா சேர்ந்திருக்கும். திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பி.எச். உயர்வதால் அது நஞ்சாகும். மீனை வலையால் எடுத்துத் தொட்டியில் விட்டு, பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

தனித்திருக்கும் காலத்தில் உடலில் உப்புத் தூவியதுபோன்ற வெண்புள்ளிகள், நூல்போலத் தொங்கும் நங்கூரப் புழு, தட்டையான மீன்பேன் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். வெண்புள்ளி ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. நீரில் நீந்தும் பருவத்தில் மட்டுமே அழியும். ஆகவே புள்ளிகள் மறைந்ததும் நிறுத்தாமல் சிகிச்சையை முழுக் காலமும் தொடர வேண்டும்.

கொசு பெருகுமா?

மீன் இருக்கும் குளத்தில் கொசுப்புழு பிழைப்பது அரிது. தங்கமீன்களே அவற்றைத் தின்றுவிடும். ஆனால் மீன் எட்டாத செடித்தொட்டியின் தட்டு, வடிகட்டியின் மூடி போன்ற இடங்களில் ஒரு வாரம் நீர் தேங்கினாலே போதும். அவற்றை வாரந்தோறும் கவிழ்த்துவிடுங்கள். கொசுவுக்காகவென்றே உலகெங்கும் பரப்பப்பட்ட கம்பூசியா மீன் பல நாடுகளின் உள்நாட்டு மீன்களையும் தவளைகளையும் அழித்திருக்கிறது. அதைத் தவிர்ப்பதே நல்லது.

பெருகிவிட்ட மீன்களையும் செடிகளையும் அருகிலுள்ள ஏரியிலோ ஆற்றிலோ விடலாமா?

எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. வளர்ப்பு மீன்கள் அங்குள்ள மீன்களின் உணவைப் பறிக்கும், நோயைப் பரப்பும். வேறு வளர்ப்பவருக்குக் கொடுங்கள். செடிகளை வெயிலில் நன்கு உலர்த்தி உரக்குழியில் போடுங்கள்.

சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் குளம் வைக்கலாமா?

முழங்கால் அளவுக்கும் குறைந்த நீர்கூடச் சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கும். குழந்தை வளரும்வரை பூட்டக்கூடிய வேலியோ, நீர்மட்டத்துக்கு மேல் உறுதியான கம்பி வலையோ இல்லாமல் குளம் வேண்டாம். பம்பின் மின்னிணைப்பில், கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீருக்குள் கைவைக்குமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

ஒரு வாரம் வெளியூர் செல்கிறோம். மீன்களுக்கு என்ன ஏற்பாடு?

நிலைபெற்ற குளத்தில், நலமாக உள்ள வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் தீனியின்றி எளிதாக இருக்கும். பாசியையும் பூச்சிகளையும் மேய்ந்துகொள்ளும். பம்பு ஓடுகிறதா, நீர்மட்டம் குறைந்ததா என்று ஒருவர் தினமும் பார்த்துச் சென்றால் போதும். தீனி போட்டே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு நாளுக்கும் உரியதைச் சிறு பொட்டலங்களாக மடித்து வைத்துவிட்டு, தீனி டப்பாவை உள்ளே பூட்டிவிட்டுச் செல்லுங்கள். அன்பு மிகுந்த அண்டைவீட்டார் அள்ளிப் போடும் தீனியால், அந்த ஒரு வாரத்தில் அழிந்த குளங்களை நான் பார்த்திருக்கிறேன்.